கண்மாய்க்குள் முளைத்த காடு

காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயுவைத் திரும்ப எடுத்தால் பூமியின் சூடு எவ்வளவு குறையும்? அதைக் கணக்கிடுவதுதான் என் வேலை. கணினிக்குள் காற்று, கடல், மண், மழை எல்லாம் உள்ள ஒரு பூமி இருக்கிறது. காலநிலை மாதிரி என்போம். அதன் தரிசு நிலங்களில் மரம் நட்டு, வரப்போகும் ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்போம். ஊரில் இதைச் சொன்னால், "அப்ப நாளைக்கு மழ வருமா?" என்பார்கள். தெரியாது என்றால், "இதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று சிரிப்பார்கள்.

ஒரு கோடையில், அரிமளம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மீன்பிடித் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். ஊர் ஏரியான கண்மாயில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசிவிட்டால் கரையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். நானும் மீன் கவிழ்க்கும் ஊத்தாக் கூடையோடு பாய்ந்தேன். இரண்டு விரால் கிடைத்தது. அம்மா குழம்பு வைக்கப் போக, நான் சேற்றுக் காலைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

மாதிரி ஓடி முடிந்து, எங்கள் ஆய்வுக் கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. எங்கெல்லாம் மரம் நட்டோம் என்ற வரைபடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். சும்மா ஆசைக்கு எங்கள் ஊரைப் பெரிதாக்கினேன். காலையில் விரால் பிடித்த இடத்தில் அடர்ந்த காடு. சிரித்துவிட்டேன். ஆவுடையார்கோவில் பக்கம் நகர்த்தினால் அங்கும் கண்மாயெல்லாம் காடு. சிரிப்பு போய்க் கோபம் வந்தது. தரிசு நிலங்களைக் குறித்துத் தந்தவர்கள், மேகம் மறைக்காது என்று கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களையே வைத்திருக்கிறார்கள். வற்றிக் கிடந்த கண்மாய் முழுவதும் தரிசாகிவிட்டது.

என் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது; கட்டுரை வெளிவந்தால்தான் நீட்டிப்பு. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு அந்த வரைபடத்தை நம்பி யாராவது மரக்கன்றோடு வந்து இறங்குவார்கள். கண்மாய்க்கு வர வேண்டிய மழைத்தண்ணீரைத் தைலமரக் காடு மறித்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் குழுத் தலைவிக்குப் போன் செய்தேன்.

"மேடம், நாம தண்ணிக்குள்ள மரம் நட்டிருக்கோம்."

"படத்துல தண்ணியே இல்லையேம்மா?"

"கோடையில இருக்காதுங்க மேடம். தை மாசப் படத்தப் பாருங்க, கரை தளும்பும்."

"உங்க ஊர் ஒண்ணுக்காக எல்லாத்தையும் மறுபடி ஓட்டணுமா? கட்டுரைக்குத் தேதி போயிடும். உன் நீட்டிப்பும் அதோட போயிடும்."

"போனாப் போகட்டும் மேடம். எங்க ஊர் மட்டும் இல்லைன்னு காட்டுறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்தபின்தான் நீட்டிப்பு நினைவுக்கு வந்தது. தட்டில் இருந்த விரால் குழம்பைத் தொடாமல் மறுபடி வரைபடத்தைத் திறந்தேன்.

"என்னடி ஆச்சு?" என்றார் அம்மா.

"நம்ம கம்மாயக் காடுன்னு போட்டுட்டாங்கம்மா."

"எந்தக் கூறுகெட்டவன் போட்டான்?"

"கம்ப்யூட்டரு."

"அதுக்கென்ன, சேத்துல எறங்குனாத்தான தெரியும்!"

சென்னை திரும்பி, மழை ஓய்ந்து வானம் தெளியும் தை மாதத்துப் படங்களைத் தேடி எடுத்தேன். கண்மாய் உள்ள மாவட்டங்களில் எல்லாம் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்தேன். எங்கள் பக்கம் தரையைவிடத் தண்ணீர்தான் கண்ணில் பட்டது. மேடம் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். "மறுபடி ஓட்டு" என்றார். கட்டுரைக்கான தேதி போயே போய்விட்டது.

புதிய கணக்கில் எங்கள் மரங்கள் எடுத்த வாயு குறைந்திருந்தது. இந்தத் துறையில் பெரிய எண்ணுக்குத்தான் கைதட்டு. நான் ஒரு கருத்தரங்கில் சின்ன எண்ணோடு மேடை ஏறினேன். "மத்தவங்களவிட உங்க எண் ஏன் இறங்கிப்போச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்த நெலம் காலியா இல்லைங்க. அங்க தண்ணி இருக்கு" என்றேன். ஓர் எண் குறைந்ததற்காக வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. முன்வரிசையில் இருந்த மேடம்தான் முதலில் கைதட்டினார். கட்டுரை தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்பே அவர் நிர்வாகத்தோடு சண்டை போட்டு நீட்டிப்பு வாங்கித் தந்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி: "எம் மக மெட்ராசுல ஒக்காந்துக்கிட்டே நம்ம கம்மாய மீட்டுட்டா!"

கண்மாய் எங்கேயும் போகவில்லை, வரைபடத்தில்தான் இல்லாமல் போயிருந்தது என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். மீட்டேன்தான்.