துரைக்குக் கீழே நான்கு விரல்

எஸ்டேட் ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு படம் வரையச் சொன்னார் மானேஜர் துரை. யாருக்குக் கீழே யார் வேலை பார்க்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக. எழுபதுகளில், குமுளிப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கெழுதும் தற்காலிக ரைட்டர். படம் ஒழுங்காக அமைந்தால் கடைசிக் கட்டத்தில் என்னையும் போட்டு, வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

முட்டாள்தனமாக எல்லாக் கட்டத்தையும் தாளின் ஓரத்திலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். ஹெட் கிளார்க் வந்து பார்த்தார். தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கரைவிடத் தன் கட்டம் அரை இஞ்சு இறங்கியிருக்கிறதாம்.

“ஏம்வே, நான் என்ன அவனுக்கு எடுபிடியா? மேல ஏத்தும்வே.”

ஏற்றினேன். அவருக்குக் கீழே இருந்த ஆறு கட்டங்களும் கோணிக்கொண்டன. அழித்து மறுபடி அளந்தேன். மறுநாள் டீமேக்கர் வந்தார்; அவருக்குத் தன் கட்டம் இன்னும் இடப்பக்கம் போகவேண்டும். மூன்று தாள் நாசம். அவருடைய இந்தக் கண் தேயிலை உலர்த்தும் அடுப்பின் மேல் இருந்திருந்தால் அந்த வருடம் அத்தனை தேயிலை கருகியிருக்காது.

நான்காவது முறை ஓரத்திலிருந்து அளப்பதையே விட்டொழித்தேன். கட்டங்களை அட்டையில் வெட்டி நூலில் தொங்கவிட்டேன். துரைக்கு நான்கு விரல் கீழே, ஒரு குறுக்குக் குச்சியில் டீமேக்கர். அவருக்கு வலப்பக்கம், அதே குச்சியில், அதே மட்டத்தில் ஹெட் கிளார்க். மற்றவர்களுக்கு அவரவர் மேலாளிடமிருந்து நான்கு விரல். ஒருவரை நகர்த்தினால் அவருடைய ஆட்களும் கூடவே நகர்வார்கள். ஹெட் கிளார்க்கின் நூலில் கடைசியாக நான்.

எல்லாருக்கும் திருப்தி. அந்தச் சமயம் பார்த்து உதவி மானேஜராகச் சின்னத் துரை ஒருவர் புதிதாக வந்தார். அவரைப் பெரிய துரைக்கு அடுத்து நுழைத்தேன். மொத்தக் கூட்டமும் கலையாமல் நான்கு விரல் இறங்கியது. என் அட்டை மட்டும் ஆசாரி செய்துவைத்திருந்த சட்டத்துக்கு வெளியே தொங்கியது.

“நாலு வெரலை மூணாக்கினா எல்லாரும் அடங்கிருவோம் சார்,” என்றேன்.

ஹெட் கிளார்க்குக்கு முகம் சிவந்தது. “எனக்கும் ஒமக்கும் நடுவுல எடத்தக் கொறைக்கணுமா? நாளைக்கு எந்தோள்ல கை போடுவீராவே?”

துரையிடம் முறையிட்டேன். “சட்டம் செஞ்சாச்சே,” என்றார் அவர்.

ஹெட் கிளார்க் கத்தரியால் என் நூலை வெட்டினார். படம் கச்சிதமாகச் சட்டத்தில் உட்கார்ந்தது. ஆணி அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அடித்தேன். சுத்தியலை ஹெட் கிளார்க்கின் மேசைமேல் போட்டுவிட்டு, கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.