இடது முன் சக்கரத்துச் சிவப்புக் கோடு

லாரி எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் "ரெண்டுதடவை". எந்த வண்டியையும் அவர் ஒரே தடவையில் எடை போட்டு அனுப்பியதில்லை. சுற்றி வந்து, டயருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றச் சொல்வார். கடையில் வாங்கிய சர்க்கரைக்கும் வீட்டில் அதே மரியாதைதான்.

ஒருமுறை தெருமுனை மெக்கானிக்கிடம் காருக்கு பிரேக் பேடு மாற்றக் கொடுத்தார். கொடுக்கும்முன் பழைய பேடுகளின் முதுகில் ஆணியால் கீறி வைத்தார். மாற்றியாயிற்று என்று திரும்பி வந்த வண்டியில் அதே கீறல்கள். அவர் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து வாசலில் வைத்துத் தானே மாற்றிக்கொண்டார். புதுப் பேடுகளின் முதுகில் மாட்டும் மாதத்தையும் வருஷத்தையும் ஆணியால் கீறுவார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வேலையில் மனைவி மட்டும்தான் அவருக்குக் கூட்டு. புதுப் பேடு தடிமனாக இருக்கும். இடம் விட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளியபின் பெடல் தொளதொளவென்று தரைவரை போகும். இறுகும்வரை மிதிக்காமல் வண்டியை எடுத்தால் பிரேக் பிடிக்காது. அவர் கீழே படுத்துக் கசிவு பார்ப்பார். அவள் உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள்.

போன மாதம் ஒரு காலையில் வண்டி தெருத் திருப்பத்துச் சுவரில் முட்டி நின்றது. உள்ளே அவர் உயிரோடு இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். துக்கம் கேட்க வந்த அந்த மெக்கானிக், இறந்தவரின் மகளிடம் காதோடு சொன்னார்: "பிரேக்தாம்மா. அவரே மாட்டிக்கிட்டதுதானே. நாம என்னத்தச் சொல்ல."

மகளுக்கு லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. அவள் டாக்டரையும் நம்பவில்லை, மெக்கானிக்கையும் நம்பவில்லை. ஞாயிறு காலை ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினாள். வலது முன் சக்கரத்தில் கோடு முழுசாக இருந்தது. இடதில் உடைந்திருந்தது.

"அம்மா, இதை யாரு தொறந்தது? அந்த மெக்கானிக் வந்தாரா?"

"யாரும் வரல. அதைப் போட்டு ஏன் நோண்டுற?"

"வரலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா உள்ளே போனாள். மூன்று வாரமாக அவள் அந்தக் காரின் பக்கமே வரவில்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதோ மறைக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவே வந்து வாசற்படியில் நின்றாள்.

"அன்னிக்குக் காலைல கூப்பிட்டாரு, வந்து மிதின்னு. முந்தின நாள் சண்டை. என் காலு என்ன உங்க ஜாக்கியா, நீங்களே மிதிச்சுக்கங்கன்னுட்டேன். தனியா மாட்டிட்டு, மிதிக்காமயே எடுத்துட்டுப் போயிட்டாரு. நான்தாண்டி காரணம்."

மகள் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கினாள். உள்ளே தேய்ந்த பேடுகள். முதுகில் ஆணிக் கீறலில் மாதமும் வருஷமும். இரண்டு வருஷப் பழசு. அளந்தாள். நாலு மில்லிமீட்டர் மிச்சம். நிறுத்தப் போதும்.

"இது பழசும்மா."

"புதுசு வாங்கியாந்தாரே."

புதுசு டிக்கியில் இருந்தது. பெட்டியின் டேப் பிரிக்கப்படவில்லை. மேலே அவர் கையெழுத்தில் சமையலறைத் தராசில் போட்ட எடை, இரண்டு தடவை.

"சக்கரத்துல போல்ட்டை மட்டும் தொறந்து பாத்திருக்காரு. நீ வரலன்னதும் அப்படியே மூடிட்டாரு. பிஸ்டனைத் தொடல. வேலை முடியல, அதான் கோடும் போடல. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டர் சொன்னதுதான் சரி."

"என்னைச் சமாதானம் பண்றியா?"

"நீயே பாரு."

அம்மா குனிந்து கீறலை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "அந்தப் பக்கத்தையும் கழட்டு," என்றாள். வலது பேடிலும் அதே மாதம், அதே வருஷம். வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

மகள் புதுப் பேடுகளை மாட்டி முடித்துத் தரையில் படுத்தாள். காரின் கதவு திறந்தது.

"மிதி."

"மிதிச்சுட்டேன். தரைக்கே போகுதுடி."

"போகும். விடு. மறுபடி."

ஏழாவது மிதியில் இறுகியது. கசிவு இல்லை.

"போதும்மா, எறங்கு."

"இரு," என்றாள் அம்மா. "இன்னொரு தடவை பாத்துக்கறேன்."