உருவிய பாய்

பேரனுக்கு நாளைக்கு ஓட்டப்பந்தயம். "நல்லாத் தூங்குனாத்தான் ஓட முடியும்னு வாத்தியார் சொன்னாவ" என்றபடி மருமகள் புதுப் பத்தமடைப் பாயை விரித்தாள். கோரை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அண்ணன் நினைப்பு வந்தது.

துரைமார் ஆண்ட காலம். அண்ணனைக் குஸ்தி பயில்வானாக்கிவிட அப்பாவுக்கு வெறி. தூக்கம் உடம்பைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. அண்ணன் கண்ணயர்ந்தால் போதும், அடியில் கிடக்கும் பாயைச் சரக்கென்று உருவுவார். அவன் வெறுந்தரையில் உருளுவான்.

"ஏலே, தூங்குனா ஊளச்சத போட்டுரும்லே. எந்திச்சு தண்டால் எடு!"

குறுக்குத்துறை ஆற்று மணலில் போட்டி நடந்தது. முதல் பிடியிலேயே அண்ணன் மல்லாந்து விழுந்தான், எழவில்லை. அவன் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. எதிராளி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க மவன் தூங்குதான்!" என்று கத்தினான். ஆற்றங்கரையே சிரித்தது. அப்பா அண்ணனைக் காலால் உதைத்து எழுப்பினார்.

பல வருஷம் கழித்து அப்பா எலும்பும் தோலுமாய்ப் படுத்த படுக்கையில் கிடந்தார். வலியில் நாள்கணக்காகத் தூக்கமில்லை. ஒரு மத்தியானம் எப்படியோ கண்ணயர்ந்தார். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து, பாயைச் சரக்கென்று உருவினான்.

"தூங்காதியப்பா. ஊளச்சத போட்டுரும்."