தேயிலைப் பெட்டிக்குள் போன வீடு

அந்தப் பெட்டிக்குள் முதலில் போனது சோற்றுக் கரண்டி. தேயிலை அடைத்து அனுப்பும் பலகைப் பெட்டி அது, விளிம்பெல்லாம் தகரம். தேயிலை ஆலையில் வேலை செய்த அப்பா, கழித்துப் போட்ட பெட்டிகளைத் தோளில் சுமந்துவந்து ஆணியடித்துச் சரிசெய்தார். ஓய்வு பெற அவருக்கு முழுதாக மூன்று வருடம் இருந்தது. அதற்குள் பாத்திரம், போர்வை, சாமிப் படம் எல்லாம் உள்ளே போய்விட்டன. சோறு போடப் பெட்டியைத் திறக்க வேண்டும்; சாப்பிட்டதும் கரண்டியைக் கழுவித் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பா பயந்ததில் தப்பில்லை. மலேசியாவில் எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் ஒருவராவது வேலையில் இருக்கும்வரைதான் தோட்டம் தந்த லயத்து வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது லோரி வந்து நின்றதையும், மழையில் நனைந்த மெத்தையையும், அதன் பக்கத்தில் நின்ற அவர் மனைவியையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஏதோ காய்கறித் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனார்களாம். அன்றுமுதல் லோரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். அம்மா மூச்சிளைப்பு வந்து கொழுந்தெடுப்பதை விட்டிருந்தார். நான் ஒரே பிள்ளை. "மகள பெரட்டுக்கு அனுப்பு லா, வூடு நிக்கும்" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. விடியற்காலைக் குளிரில் பெயர் கூப்பிடுவதற்காக வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. "அது மட்டும் வேணாங்கய்யா" என்றார் அப்பா.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளியில் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, பல்கலைக்கழகத்தில் தாவரவியல். மேல்காட்டில் பாசி போர்த்திய மரங்களில் தொங்கும் குடுவைச்செடிகளைத் தேடித் தேடிப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைப் படிக்க அப்படி ஓர் ஆசை. மற்றது, பயிற்சிக் கல்லூரியில் கணக்கு. நான் செடிகளைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "அது படிச்சா வூடு குடுப்பாங்களா தாயி?" என்றார். கணக்கு டீச்சருக்குக் குவார்ட்டர்ஸ் வீடு உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். கணக்கையே எடுத்தேன்.

வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது. அப்பா அம்மாவையும் பெட்டிகளையும் லோரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். பெட்டியைப் பிரிக்கப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுவும் வேலைக்குக் குடுத்த வூடுதானே. இருக்கட்டும்." எந்தப் பயத்துக்காக என் செடிகளை விட்டேனோ, அது பெட்டியோடு பெட்டியாக எங்களுடனேயே இறங்கி வந்திருந்தது. அப்பா கடைசிவரை அதிலிருந்துதான் கரண்டியை எடுத்தார்.

இப்போது இருப்பது சொந்த வீடு. எங்களை யாரும் போகச் சொல்ல முடியாது. போன வாரம் என் மகள் வந்து, கடற்பாசிகளைப் பற்றிப் படிக்கப் போவதாகச் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்லது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அது படிச்சா வூடு குடுப்பாங்களா?" என்றுதான் வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "நமக்குத்தான் வீடு இருக்கேம்மா."

இருக்கிறதுதான். அன்று சாமான் அறைக்குப் போய், பெட்டியிலிருந்து அப்பாவின் கரண்டியை எடுத்துவந்து அவளுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் கழுவித் துடைத்தேன். மாட்டிவைக்க அடுப்படியில் ஆணி இருந்தது. என் கால் சாமான் அறைக்குத்தான் போயிற்று.