குண்டக்காவின் விளம்பரம்

என் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன். அவளை நாங்கள் கூப்பிடும் பெயரை எழுதுவதற்கே இப்போதெல்லாம் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. கல்யாணமான புதிதில் ஒருநாள் அண்ணன் எல்லார் எதிரிலும் "ஏ குண்டு" என்று கூப்பிட்டுவிட்டான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணி திரும்பிப் பார்த்து, "ஆமா, குண்டுதான். அதுக்கென்ன இப்போ?" என்றாள். அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வரும்போது அண்ணன் தெருமுனையிலிருந்தே "குண்டு! வந்துட்டேன்!" என்று கத்துவான். எங்கள் மாடிக்குக் கீழே டயர் கடை. கடைக்காரர் தன் பங்குக்கு, "குண்டக்கா, உங்க ஆளு வந்தாச்சு" என்று அண்ணாந்து ஒரு குரல் கொடுப்பார்.

அண்ணி முன்பு ஒரு பெரிய துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போட்டுப் பார்க்கும் அறையில் ஒரு அம்மாள் சட்டைக்குள் மாட்டிக்கொண்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே வரவும் வெட்கம். உள்ளே விசும்பல் கேட்டு அண்ணி கத்திரிக்கோலோடு போய், பக்கவாட்டில் சட்டையை வெட்டி அவரை மீட்டாள். "தப்பு உங்க மேல இல்லக்கா, துணி மேல" என்று சொல்லி அனுப்பினாள். சட்டையை வெட்டியதற்கு முதலாளி கத்தினார். அண்ணியும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, முன்னறையில் தையல் மெஷினைப் போட்டாள்.

அப்படித்தான் "குண்டக்கா தையலகம்" ஆரம்பித்தது. துணி மாட்டிப் பார்க்கக் கடையில் விற்கும் பொம்மை எல்லாம் ஒல்லிப் பொம்மை. அண்ணி ஒன்றை வாங்கி, பழைய போர்வையைச் சுற்றிச் சுற்றி ஆளாக்கினாள். அளவு நாடா இரண்டை ஒட்டி ஒன்றாக்கினாள். அக்குளில் ஒரு கூடுதல் துண்டு வைப்பாள், கையைத் தூக்கினால் இழுக்காது. பக்கத் தையலை இரட்டையாகப் போடுவாள். பட்டன் கட்டுவதும் பார்சல் போடுவதும் என் வேலை.

"கொஞ்சம் பூசினாப்ல இருப்பேன்" என்று யாராவது போனில் இழுத்தால் அண்ணிக்குப் பிடிக்காது. "குண்டுன்னே சொல்லுங்கக்கா. நானும் குண்டுதான். அளவு சொல்லுங்க" என்பாள். எதிர்முனையில் ஒரு சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்புதான் எங்கள் முதலீடு.

வியாபாரம் எல்லாம் சமூக வலைத்தளத்தில் நாங்கள் திறந்திருந்த பக்கத்தை வைத்துத்தான். ஊரெல்லாம் தெரிய வேண்டுமென்று ஒருநாள் அண்ணியே உட்கார்ந்து ஒரு விளம்பரம் எழுதினாள். படித்துவிட்டு நான் கைதட்டினேன்.

"குண்டுகளே! கூட்டமான இடத்துக்குத் தைரியமாகப் போங்கள்! எவ்வளவு பெரிய குண்டாக இருந்தாலும் சொன்ன நாளில் செய்து வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம். தெறிக்காது என்பதற்கு நாங்கள் பொறுப்பு."

தெறிக்காது என்றது பட்டனை. எங்களுக்கு அது தெரியும்.

அந்த வலைத்தளத்தை நடத்தும் கம்பெனிக்கு அனுப்பினோம். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆபத்தான பொருட்கள் பற்றிய விதிக்கு முரணாக இருப்பதால் விளம்பரத்தை ஏற்க முடியாதாம்.

"ஆபத்தான பொருளா? என்னடி சொல்றான் இவன்?" என்றாள் அண்ணி.

விளம்பரத்தோடு போட்டிருந்த படத்தைப் பார்த்தோம். மேசை ஓரத்தில் கத்திரிக்கோல் தெரிந்தது. அதுதான் என்று முடிவு கட்டி, கத்திரிக்கோல் இல்லாமல் வேறு படம் எடுத்துப் போட்டோம். மறுபடி அதே பதில். பொம்மையின் கழுத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்தோம். மறுபடியும் அதே. அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபரிசீலனைக்கு எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மனம் திறந்து எழுதினாள்.

"ஐயா, நான் பல வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். சின்ன குண்டு, பெரிய குண்டு எல்லாருக்கும் என்னைத் தெரியும். இதுவரை நான் செய்து அனுப்பியது எதுவும் தெறித்ததாக ஒரு புகார்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்களுக்கே புரியும்."

இதற்கும் பதில் வந்தது. கணக்கை முழுவதுமாக முடக்கிவிட்டார்கள். பக்கமும் போய்விட்டது. அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ கேட்டார்கள். அண்ணி ஜன்னலோரம் நின்று, பிடிபட்ட ஆளைப்போல முகத்தைத் திருப்பிக் காட்டினாள். கடைசியில் ஒரு வரி வந்தது: தேவைப்பட்டால் இந்த விவரங்கள் பாதுகாப்புத் துறையுடன் பகிரப்படலாம்.

"பாதுகாப்புத் துறைன்னா யாரு?" என்று அண்ணி கேட்டாள். எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அந்தக் கணக்கில் கொடுத்திருந்த போன் நம்பர் அண்ணன் பெயரில் வாங்கியது.

அண்ணனுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. உள்ளே போக கழுத்தில் ஒரு பாஸ் தொங்க வேண்டும். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஆளை விசாரிப்பார்கள், வீட்டை விசாரிப்பார்கள். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. அந்த வேலையில் இருந்தவனை வேறு எங்கும் சேர்க்கவும் மாட்டார்கள், ஏன் எடுத்துவிட்டார்கள் என்று கேட்பார்கள். அந்த வருஷத்துப் புதுப்பித்தல் அப்போதுதான் வந்து நின்றது.

என்ன குற்றம் என்று தெரியாமல் பயப்படுவது தனி நரகம். அதைத் தெரியவைத்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற டீச்சர். போனில் சிரித்துச் சிரித்துப் பேச்சே வரவில்லை அவருக்கு.

"என் மருமகளுக்குத் தமிழ் தெரியாதும்மா. நீங்க எனக்கு அனுப்பின விளம்பரத்தை அவளுக்கு நான் அனுப்பினேன். அவ போன்லயே மொழி மாத்திப் படிச்சுட்டு அலறிட்டா. 'அத்தை, யாரோ வெடிகுண்டு செஞ்சு வீட்டுக்கு அனுப்பறாங்களாம், கூட்டத்துக்குள்ள கொண்டு போகச் சொல்றாங்க'ங்கறா!"

நான் சிரிக்கவில்லை. அண்ணி கையிலிருந்த துணியை மெதுவாக மடியில் வைத்தாள். அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் எங்கள் இரண்டு பேர் காதிலும் புதிதாகக் கேட்டது. சின்ன குண்டு, பெரிய குண்டு. பல வருஷமாக இதே தொழில். வீட்டுக்கு வந்து பாருங்கள்.

"நானே கூப்பிட்டுட்டேனேடி" என்றாள் அண்ணி.

அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? அண்ணனுக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவனோடு வேலை பார்த்த ஒருவர், கனமான பெட்டியைத் தூக்கும்போது "உள்ள குண்டு ஏதாச்சும் இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அன்றைக்கே பாஸை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அதிலிருந்து அண்ணன் தன் போனில் அண்ணியின் நம்பரை "வீடு" என்று மாற்றி வைத்திருந்தான். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தச் சொல் அவளுக்கு மட்டும்தான். அதற்கு வேறு வேலை இருப்பதையே மறந்துபோயிருந்தோம்.

அண்ணனிடம் சொன்னோம். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அண்ணியை, அடையாள அட்டையில் இருக்கும் அந்த முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "கொஞ்சம் தண்ணி குடு" என்றான்.

அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். "யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குடி" என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. தெருமுனையில் அண்ணன் குரல் கேட்பது நின்றது. எப்போது வந்தான் என்றே தெரியாது, திடீரென்று கதவருகில் நிற்பான். படியில் யார் காலடி கேட்டாலும் அண்ணி மெஷினை நிறுத்துவாள். மீட்டர் பார்க்க வந்தவரைக் கண்டு நான் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். டயர் கடைக்காரர் வழக்கம்போல "குண்டக்கா" என்று ஆரம்பிக்க, அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போகும். அப்படிக் கூப்பிடாதீங்க." அந்த மனிதர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முகம் சுருங்கிப் போய்விட்டார்.

பாஸ் புதுப்பிக்கும் விசாரணைக்கு அண்ணனை வரச் சொல்லிவிட்டார்கள். தானும் வருவேன் என்று அண்ணி அடம் பிடித்தாள். தான் தைப்பது துணிதான் என்று காட்ட ஒரு சாட்சி வேண்டுமாம். தைத்ததிலேயே பெரிய கவுன் ஒன்றை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். துணைக்கு நானும் போனேன்.

அண்ணன் உள்ளே போனான். விமான நிலையத்துப் பாதுகாப்பு அலுவலகத்து வாசலில், சுவரோரம் ஒரு பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மீசை வைத்த ஒரு காவலாளி. சும்மா இருந்த மனுஷர் எங்கள் பையைப் பார்த்தார். பை நன்றாக உப்பியிருந்தது. எழுந்து வந்தார்.

"பையில என்ன?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அண்ணியிடம் பழகிப்போன பதில் ஒன்று உண்டு. கூரியர்காரர் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாலும், யோசிக்காமல் சொல்வாள்: "குண்டு சட்டைங்க." வாய் திறந்தது. முதல் எழுத்துக்கு உதடு குவிவதை நான் பார்த்தேன். அவள் தொடையை நறுக்கென்று கிள்ளினேன்.

அண்ணி வாயை மூடிக்கொண்டாள். மூடியவள் திறக்கவே இல்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. காவலாளியின் முகம் மாறியது.

"கேக்கறேன்ல? என்ன இருக்கு?"

"துணிங்க, வெறும் துணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பையை வாங்கி, மேசைமேல் வைத்து, மெதுவாகத் திறந்து கவுனை வெளியே எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. தோளோடு வைத்துப் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த மேசையே மறைந்துவிட்டது.

"யாருக்கும்மா இவ்ளோ பெருசா?"

அண்ணி தரையைப் பார்த்தபடி, "கொஞ்சம்... பூசினாப்ல இருக்கறவங்களுக்குங்க" என்றாள்.

எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தைக்காகக் கேலி செய்திருக்கிறாள்! யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. மேசை இல்லாத, முகம் இல்லாத, போய்ச் சண்டை போட ஒரு கதவுகூட இல்லாத எவனோ ஒருவன் மேல்.

காவலாளி இன்னும் கவுனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்குளில் வைத்திருந்த துண்டை விரலால் தடவினார். "நல்லா தச்சிருக்கீங்களே. பூசினாப்ல என்ன, எங்க வீட்லயும் நல்ல குண்டுதான். எங்க போனாலும் அளவு கிடைக்கறதில்ல" என்றார், சத்தமாக.

நாங்கள் இரண்டு பேரும் நடுங்கிப்போய்ச் சுற்றிலும் பார்த்தோம். யாரும் ஓடி வரவில்லை. மேலே சுவரில் இருந்த கேமரா அசையாமல் இருந்தது. அண்ணி அவர் வீட்டம்மாவின் அளவை வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. கவுனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, பெஞ்சின் கடைசி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்து அண்ணன் வந்தான். கழுத்தில் புது பாஸ் தொங்கியது. உள்ளே அதே பழைய விலாசம்தானா, மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். தையல் என்றானாம். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்களாம். அவ்வளவுதான். விளம்பரத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலையா, தெரிஞ்சும் கேக்கலையா?" என்றாள் அண்ணி. அது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முடக்கிய கணக்கு முடக்கியபடியே போய்ச் சேர்ந்தது. புதிதாக ஒரு பக்கம் திறந்து "பெரிய அளவு ஆடைகள்" என்று பெயர் வைத்தோம். போட்டவுடனே ஏற்றுக்கொண்டார்கள். போன் வருகிறது. அளவைச் சொல்கிறார்கள், வைத்துவிடுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

பாஸ் வந்த அன்று வீடு திரும்பும்போது அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்தான். தெருமுனை வந்தது. பழக்கத்தில் தலையை நிமிர்த்தினான், கத்தப் போகிறான் என்று நினைத்தேன். பிறகு அந்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு நடந்தான். மாடிக்கு வந்ததும் கதவைத் தாழ் போட்டான். ஜன்னலைச் சாத்தினான். தன் போனையும் அண்ணியின் போனையும் என் போனையும் வாங்கி, துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்து அலமாரியையும் பூட்டினான்.

அப்புறம் அண்ணியின் கிட்டே போய், காதோடு காதாக, எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் சொன்னான்.

"குண்டு, வந்துட்டேன்."