என் நாய் மேல் விழுந்த முள்ளெலிப் பழி

பக்கத்து வீட்டுத் தோம்கே ஹார்ம்ஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஓய்வு பெற்றதும் கைபேசியோடு தோட்டத்தில் குனிந்தவள்தான், இன்னும் நிமிரவில்லை. வண்டு, தேனீ, குருவி, எதைப் பார்த்தாலும் படம் எடுத்து, இடமும் நேரமும் போட்டு, நாடு முழுக்க ஜனங்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் உயிரினக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிடுவாள். செத்துக் கிடந்தாலும் விடமாட்டாள்.

போன கோடையில் முள்ளெலிகள் சாகத் தொடங்கின. முகம் கிழிந்து, முதுகு பிளந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலிச்செடியடியில் கிடக்கும். தோம்கேவுக்குச் சந்தேகமே இல்லை. என் நாய் ஃபீத்தேதான் குற்றவாளி.

"கட்டிப்போடத் துப்பில்லைன்னா எதுக்குடி நாய் வளர்க்கிறே?" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"தன் வாலையே பிடிக்கத் தெரியாத ஜென்மம் அது. அது போய் முள்ளெலியைக் கடிக்குமாக்கும்!" என்றேன்.

அதோடு விட்டாளா? 'கொன்றது: பக்கத்து வீட்டு கேஷேயின் நாய் ஃபீத்தே' என்று படத்துக்குக் கீழே எழுதி அனுப்பிவிட்டாள். அது யார் வேண்டுமானாலும் பார்க்கிற பக்கம்; ஊரே படித்தது. ரொட்டிக் கடையில்கூட என்னை முறைத்தார்கள். நகராட்சி ஆள் வந்து, இன்னொன்று செத்தால் நாயைக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

"கையும் களவுமா காட்டறேன் பாரு!" என்று தோம்கே, எது அசைந்தாலும் தானே படம் பிடிக்கிற கேமராவைத் தன் தோட்டத்து மரத்தில் கட்டினாள். மறுநாள் காலை வேலியடியில் இன்னொரு முள்ளெலி.

"வாடி, வந்து உன் செல்லத்தோட லட்சணத்தைப் பாரு!"

அவள் சமையலறைக்குப் போனேன். அவள் கணவர் ஓக்கோவும் இருந்தார்.

படத்தில் பெரிய முள்ளெலி ஒன்று புல்லில் புழு தேடிக்கொண்டிருந்தது. நாயைக் காணோம். வந்தது தோம்கேயின் புல்வெட்டும் மெஷின், ஆள் இல்லாமல் தானே ஊர்ந்துகொண்டு. பகலில் ஓட்டினால் தேனீக்கள் அடிபடும் என்று ராத்திரியில் ஓடும்படி வைத்திருந்தாள் மகராசி. முள்ளெலி ஓடவில்லை. பயந்தால் அது ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். மெஷின் அப்படியே அதன் மேல் ஏறியது. பிறகு முள்ளெலி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனது.

ஐயோ கடவுளே! பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம். ஆனால் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

தோம்கேயின் முகத்தில் ரத்தமே இல்லை. "எல்லாமா?" என்றாள். "எல்லாமே என்னாலயா?"

"யாருக்குத் தெரியப் போகுது? அழிச்சிடு," என்றார் ஓக்கோ. "மெஷினைக் கொட்டகையில போட்டுப் பூட்டிடறேன். கேஷே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஏன் சொல்ல மாட்டேன்? என் நாயைப் பிடிச்சிட்டுப் போவாங்க, நான் வாயை மூடிட்டு நிக்கணுமா?" என்று கத்தினேன்.

தோம்கே எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நாயின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் 'தோம்கே ஹார்ம்ஸ்' என்று எழுதினாள்.

எனக்கே மனசு கேட்கவில்லை. "மெஷின்னு போட்டாப் போதும்டி. உன் பேரை எதுக்குப் போடறே?"

"உன் நாய் பேரை மட்டும் நான் மறைச்சேனா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்தைத் திறந்தாள்.