தலைமையாசிரியர் மேஜையில் இன்னொரு விண்ணப்பம்

தோழிகளே, எம்.எட். எங்கே சேருவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னீர்களே, இன்று முடிவாகிவிட்டது.

மெட்ராஸ் வேண்டாம். ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவும் ஹாஸ்டல் செலவும் எங்கள் வீடு தாங்காது. கோடை விடுமுறையில் மட்டும் வகுப்பு நடத்தும் கல்லூரிக்கே போகிறேன். மூன்று கோடை ஆகும், ஆனால் சம்பளம் நிற்காது. நான் ஆசைப்பட்ட கல்வி நிர்வாகப் பாடமும் அங்கே உண்டு.

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க, காலையில் நாமக்கல்லில் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டீச்சர், அவரும் ஏதோ ஃபாரம்தான் எழுதிக்கிட்டு இருக்கறாருங்க" என்றார் அவர் மனைவி.

என்னைக் கண்டதும் சார் அவசரமாக அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார். அதற்குள் பார்த்துவிட்டேன். அதே கல்லூரி, அதே விண்ணப்பம்!

"சிரிக்காதீங்க டீச்சர்" என்றார், அந்த ஐம்பது வயது மனிதர். "நம்ம பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு ஆறாம் வகுப்பு வேணும்னு கல்வி ஆபீசுக்கு மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த விதியில திருப்பறாங்கன்னு தெரிஞ்சுக்காம ரிட்டயர் ஆகக் கூடாதுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் ஐந்தாவது முடித்த என் வகுப்புப் பெண்களில் ஒருத்திகூட மேலே படிக்கவில்லை. நான் எம்.எட். படிக்க நினைத்ததே அதனால்தான்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு கவர்களையும் தபாலில் சேர்க்க நானே வாங்கிக்கொண்டேன்.

வாசல்வரை வந்த அவர் மனைவி, "மத்தியானமானா இவரு தூங்கிப்போவாருங்க, கிளாஸ்ல கொஞ்சம் பாத்துக்குங்க சாமி" என்றார்.

தலைமையாசிரியரைப் பென்சிலால் குத்தி எழுப்பலாமா, கூடாதா? உடனே பதில் எழுதுங்கள்.